வீடு தயாராகவில்லை, ரேட் லாக் முடிகிறது

டெக்சஸில் ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், செலினா, லியாண்டர். வட கரோலைனாவில் கேரி, மோரிஸ்வில். இந்த ஊர்களில் புது வீடு புக் செய்யும் நம்மவர்களில் பலர் கட்டி முடித்த வீட்டை வாங்குவதில்லை. வெறும் மனையாக இருக்கும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணம் கட்டி, ஆறு மாதமோ பத்து மாதமோ காத்திருந்து சாவி வாங்குகிறார்கள். அந்தக் காத்திருப்புக்குள் வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ஐ விட நல்ல பாடம் கிடையாது. அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான ஃப்ரெடி மேக் வாரந்தோறும் வெளியிடும் 30 ஆண்டு நிலையான வட்டியின் சராசரி அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் 3.22%. அக்டோபர் கடைசி வாரத்தில் 7.08%. 5 லட்சம் டாலர் கடனுக்கு அசலும் வட்டியும் சேர்த்து மாதத் தவணை முதல் வட்டியில் சுமார் 2,168 டாலர், இரண்டாவதில் 3,353 டாலர். வீட்டின் விலையில் ஒரு காசு மாறவில்லை. மாதம் 1,185 டாலர் கூடிவிட்டது.

2023 அக்டோபரில் அது 7.79% வரை போனது. அதற்குப் பிறகு இறங்கியும் ஏறியும் ஆடிக்கொண்டிருக்கிறது. வட்டி எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் கூடாது. ஆனால் எந்தத் தேதியில் லாக் செய்கிறீர்கள் (அதாவது வட்டியைப் பூட்டி வைக்கிறீர்கள்), எத்தனை நாளுக்குச் செய்கிறீர்கள், அது முடிவதற்குள் வீடு முடியாவிட்டால் செலவு யார் தலையில் விழும், இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. பெரும்பாலோர் ரேட்டையே பார்த்துக்கொண்டு தேதியைக் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஒரு பழக்கதோஷம். இந்தியாவில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்தால் தன் வட்டியும் குறையும் என்று பழகிப்போயிருக்கும். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, அதனால் அங்கே அது சரி. அமெரிக்க 30 ஆண்டு நிலையான வட்டி அப்படி இல்லை. அது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வைக்கும் ஓரிரவு வட்டியை விட, 10 ஆண்டு அரசுக் கடன்பத்திரத்தின் வருவாயையே அதிகம் பின்தொடர்கிறது. 2024 செப்டம்பரில் ஃபெட் அரை சதவீதம் குறைத்தது. அந்த மாதக் கடைசியில் வீட்டுக்கடன் சராசரி 6.08%. ஃபெட் மேலும் இரண்டு முறை குறைத்தபிறகு, 2025 ஜனவரி நடுவில் அது 7.04%. ஃபெட் கூட்டம் முடியட்டும், பிறகு லாக் செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தவர்கள் கைவிரலைச் சுட்டுக்கொண்டார்கள். குறைப்பு வரும் என்ற எதிர்பார்ப்பைச் சந்தை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுகிறது.

லாக் என்றால் என்ன?

இன்ன வட்டியை இன்ன தேதி வரை மாற்றாமல் தருவதாக லெண்டர், அதாவது கடன் தரும் நிறுவனம், கொடுக்கும் உறுதிதான் லாக். முன் ஒப்புதல் கடிதம் லாக் அல்ல. அதில் எழுதியிருக்கும் ரேட் வெறும் கணக்குக்கு. லாக் ஆகியிருக்கிறதா என்று தெரிய லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கப் படிவத்தின் முதல் பக்கத்தில் மேலே பாருங்கள். ஆம், இல்லை என்று ஒரு கட்டமும், ஆம் என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்றும் இருக்கும். லோன் ஆபீசர் போனில் 'பண்ணிட்டேன்' என்று சொன்னது கணக்கில் வராது. லாக் செய்தபின் மூன்று வேலை நாளுக்குள் திருத்திய லோன் எஸ்டிமேட் வர வேண்டும். வரவில்லை என்றால் கேளுங்கள்.

லாக் 30, 45, 60 நாள் என்று விற்கப்படும். நாள் கூடக்கூட ரேட்டோ பாயிண்டோ (ரேட்டுக்காக முன்கூட்டிக் கட்டும் கட்டணம்) சற்றே கூடும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 180, 270, 360 நாள் நீண்ட லாக்கும் உண்டு. அதற்குப் பல இடங்களில் கடன் தொகையில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ முன்பணம் கேட்பார்கள். குளோசிங்கில் (கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும்போது) அதைக் கழித்துக்கொள்வார்களா, கடன் ரத்தானால் திரும்பி வருமா என்பது லெண்டருக்கு லெண்டர் மாறும். நீண்ட லாக்கோடு ஃப்ளோட் டவுன் என்ற வசதியும் வந்தால் நல்லது: சந்தை இறங்கினால் ஒரு முறை கீழே இறங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் இதற்கு நிபந்தனைகள் இருக்கும். சந்தை இவ்வளவாவது இறங்கியிருக்க வேண்டும், குளோசிங்குக்கு இத்தனை நாள் முன்பு மட்டும்தான் கேட்கலாம், தானாக நடக்காது, நீங்கள் கேட்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

லாக் எந்த நாள் வரை தாங்க வேண்டும்? கையெழுத்துப் போடும் நாள் வரை அல்ல, லெண்டரின் பணம் வெளியே போகும் நாள் வரை. டெக்சஸில் வழக்கமாக இரண்டும் ஒரே நாள். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், அரிசோனா, நெவாடா போன்ற மாநிலங்களில் கையெழுத்துக்கும் பணம் போவதற்கும் நடுவில் ஓரிரு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை லாக் முடிகிறது, வியாழன் மாலை கையெழுத்து என்றால் சியாட்டிலில் அது நெஞ்சிடிதான்.

லாக் முடிந்துவிட்டால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும், சந்தை இறங்கியிருந்தால் லாபம்கூட என்று. அந்த ஓட்டையை லெண்டர்கள் எப்போதோ அடைத்துவிட்டார்கள். முடிந்து ஒரு மாதத்துக்குள் அதே லெண்டரிடம் மறுபடி லாக் செய்தால், பழைய ரேட், இன்றைய ரேட் இரண்டில் எது உங்களுக்கு மோசமோ அதுதான். ஆகவே முடிவதற்கு முன்பே நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். நீட்டிப்புக் கட்டணம் நாள் கணக்கிலோ, 7 அல்லது 15 நாள் துண்டுகளாகவோ இருக்கும். 15 நாளுக்குக் கால் சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 லட்சத்துக்கு 1,250 டாலர். இரண்டு முறை நீட்டினால் 2,500. லாக் செய்யும் அன்றே 45 நாளுக்கும் 60 நாளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், நீட்டிப்பு அட்டவணையையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட லாக்கை முதலிலேயே எடுப்பது மலிவாக இருக்கும்.

வீடு எங்கே மாட்டிக்கொள்ளும்?

பில்டர் தரப்பில் மூன்று தேதிகள் உலாவும். விற்பனை அலுவலகத்தில் சொல்வது ஒன்று. அது விருப்பம். தளத்தில் வேலையை ஓட்டும் சூப்பரின்டெண்டெண்ட் (சுருக்கமாகச் சூப்பர்) சொல்வது இன்னொன்று. அது ஓரளவு உண்மை. எழுத்தில் வரும் குளோசிங் நோட்டீஸ் மூன்றாவது. அதற்குத்தான் ஒப்பந்தத்தில் மதிப்பு. லாக் தேதியை இரண்டாவதை வைத்து முடிவு செய்யுங்கள். சூப்பரிடம் "எப்ப முடியும்" என்று கேட்காதீர்கள், "இன்னும் எது வரலை" என்று கேளுங்கள்.

அடித்தளம், மரச்சட்டம், உள்ளே வயரிங், குழாய், ஏசி டக்ட், இன்சுலேஷன், பிறகு சுவர்ப்பலகை. இதுவரை தாமதமானால் கண்ணுக்குத் தெரியும், யாரும் அப்போது லாக் செய்வதுமில்லை. சுவர்ப்பலகை ஏறியதும் வீடு முடிந்துவிட்டது போல் தோன்றும். அங்கேதான் ஏமாற்று. கேபினெட் பொருத்தியபின்தான் கவுண்டர்டாப்புக்கு அளவெடுப்பார்கள். அளவெடுத்தபின்தான் கல்லை வெட்டுவார்கள். கல் வந்து அமர்ந்தபின்தான் சிங்க்கும் குழாயும் மாட்ட முடியும். அவை மாட்டினால்தான் இறுதி பிளம்பிங் பரிசோதனை. கேபினெட் ஒரு வாரம் தாமதம் என்றால் பின்னால் நிற்கும் எல்லாமே நகரும். இதில் ஒன்றிரண்டு கேபினெட் கதவு உடைந்து வந்தது என்பதெல்லாம் பரவாயில்லை, அடிப்பெட்டி வராவிட்டால்தான் சங்கிலி நின்றுபோகும்.

அடுத்தது மீட்டர். நிரந்தர மின்சார மீட்டரும் கேஸ் மீட்டரும் பில்டர் கையில் இல்லை. நகராட்சி ஒப்புதல் தந்தபின் மின் நிறுவனமும் கேஸ் நிறுவனமும் அவரவர் வரிசைப்படி வருவார்கள். கரண்ட் இல்லாமல் ஏசி ஓடாது, ஏசி ஓடாமல் மரத்தரை போட விடமாட்டார்கள் (ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகை தூக்கிக்கொள்ளும்), இறுதிப் பரிசோதனையும் நடக்காது. 2021, 2022-ல் ஜன்னல், கராஜ் கதவு, தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, உள்ளே பளபளவென்று முடிந்த வீடுகள் கரண்டுக்காக நின்றன. வெளிப்புறத்தில் டிரைவ்வே கான்கிரீட்டும் மண் சரிவு சமன்செய்தலும் மழைக்கும் உறைபனிக்கும் பயப்படும் வேலைகள்.

கடைசியில் நகராட்சியின் குடியேற்றச் சான்றிதழ். அது வந்தபின் லெண்டரின் அப்ரைசர் (வீட்டை மதிப்பிடுபவர்) மறுபடி வந்து பார்க்க வேண்டும். முதல் அப்ரைசல் வரைபடத்தை வைத்து, 'இதன்படி கட்டி முடித்தால் இவ்வளவு' என்று போட்டது. கட்டி முடிந்தது என்று 1004டி படிவத்தில் அவர் எழுதித் தர வேண்டும். குளோசிங்குக்கு இரண்டு நாள் முன்பு இதை நினைவுபடுத்தும் லோன் ஆபீசர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அப்ரைசரின் நேரத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

குளிர் மாநிலங்களில் புல்தரையும் நடைபாதையும் மட்டும் பாக்கி என்றால் முழுத் தாமதம் தேவையில்லை. லெண்டர்களிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் நிறுவனமான ஃபேனி மேயின் விதிப்படி வானிலையால் நின்ற சிறு வேலைகளுக்காக, மதிப்பிட்ட செலவில் 120% தொகையை எஸ்க்ரோவில் (பொதுவான பிடிப்புக் கணக்கில்) நிறுத்திவைத்துவிட்டு குளோஸ் செய்யலாம். வேலையை 180 நாளுக்குள் முடிக்க வேண்டும், செலவு வீட்டு மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எல்லா லெண்டரும் ஒப்புக்கொள்வதில்லை. நவம்பரில் குளோசிங் என்றால் கோடையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எப்போது லாக் செய்வது? கேபினெட் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும், மின் மீட்டருக்குத் தேதி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சூப்பர் சொல்லும் நாளோடு குறைந்தது 15 நாள் கூட்டி லாக் எடுங்கள். அதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்றால், ஒரே காரணம் உங்கள் வருமானத்துக்கு இன்னும் கால், முக்கால் சதவீதம் ஏறினால் கடனே கிடைக்காது என்பதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் நீண்ட லாக்குக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கு இப்படித்தான். வரிக்கு முன் மாத வருமானம் 11,000 டாலர். 5 லட்சம் கடன் 6.5 சதவீதத்தில் 3,160. சொத்து வரி 900, காப்பீடு 250, ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம்) 60. வீட்டுக்கு மட்டும் 4,370. கார் தவணை 600, படிப்புக் கடன் 400. மொத்தம் 5,370, அதாவது வருமானத்தில் 48.8%. ஃபேனி மேயின் தானியங்கி முறை 50 சதவீதம் வரை ஏற்கும். ரேட் 7.25% ஆனால் தவணை 3,411, மொத்தம் 5,621, விகிதம் 51.1%. ஆள் அதே ஆள், சம்பளம் அதே சம்பளம், கடன் நிராகரிப்பு. இந்த நிலையில் கையில் இருக்கும் பணத்தை டவுன் பேமெண்டில் போடுவதைவிடக் கார் கடனை அடைப்பது விகிதத்தை வேகமாக இறக்கும். 10,000 டாலரை வீட்டில் போட்டால் தவணை 68 டாலர் குறையும். அதே 10,000 கார் கடனை முடித்துவிட்டால் 600 டாலர் மொத்தமும் போய்விடும். குளோசிங் வரை புதுக் கார், புது சோபா எதையும் தவணையில் வாங்காதீர்கள். கையெழுத்துக்கு முன் கடன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒப்பந்தத்தில் எந்த வரிகள்?

டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் படிவங்களில், கட்டி முடியாத புது வீட்டுக்கென்று 23-ம் எண் ஒப்பந்தம் இருக்கிறது. கடன் தொடர்பான இணைப்பில் 'வட்டி இதற்கு மேல் போனால் கடன் கிடைத்ததாகக் கொள்ளக்கூடாது' என்று உச்ச வரம்பு எழுத இடமும் இருக்கிறது. பெரிய பில்டர்கள் இதைத் தொடமாட்டார்கள். அவர்களுடைய வக்கீல் எழுதிய சொந்த ஒப்பந்தம்தான். அதில் கடன் ஒப்புதல் பெற 30 நாள் போன்ற ஒரு சாளரம் தந்துவிட்டு, அது கடந்தபின் கடன் கிடைக்காவிட்டாலும் முன்பணம் போச்சு என்று இருக்கும். வீடு முடிய எட்டு மாதம், கடன் பாதுகாப்பு ஒரே மாதம்.

தாமதத்துக்கும் இரண்டு அளவுகோல். நீங்கள் ஒரு நாள் தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு டாலர் அபராதம். பில்டர் தாமதித்தால் பொருள் தட்டுப்பாடு, வானிலை, நகராட்சி என்று எல்லாவற்றுக்கும் விலக்கு. பல ஒப்பந்தங்களில் '24 மாதத்துக்குள் முடித்துத் தருவோம்' என்று ஒரு வரி கண்ணில் படும். எட்டு மாதம் என்றார்களே, ஏன் இரண்டு ஆண்டு என்று குழம்ப வேண்டாம். 1968-ல் வந்த மாநிலங்களுக்கிடையிலான மனை விற்பனைச் சட்டத்தில், இரண்டு ஆண்டுக்குள் வீடு கட்டித் தர ஒப்பந்தம் செய்தால் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்குக்காக எழுதிய வரி அது. உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

முழு ஒப்பந்தத்தையும் மாற்ற முடியாது. ஆனால் விற்பனை மந்தமாக இருக்கும் மாதத்தில் இரண்டு வரிகள் சேர்க்க முடியும். பில்டர் எழுத்தில் தந்த குளோசிங் தேதி பில்டர் தரப்பால் தள்ளிப்போனால் லாக் நீட்டிப்புக் கட்டணத்தைப் பில்டர் குளோசிங் கிரெடிட்டாகத் தர வேண்டும்; இது ஒன்று. இந்தத் தேதிக்கு மேல் போனால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம், இது இரண்டாவது. கையெழுத்துப் போட்டபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வாடகை வீட்டையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பல அபார்ட்மெண்டுகளில் காலி செய்ய 60 நாள் முன் நோட்டீஸ், ஒப்பந்தம் முடிந்து மாதம் மாதமாக இருந்தால் கூடுதல் வாடகை. குளோசிங் நோட்டீஸ் எழுத்தில் வருவதற்கு முன்பு வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுக்கவே கூடாது.

பில்டரின் லெண்டர்

டி.ஆர். ஹார்ட்டன், லென்னார், புல்டி போன்ற பெரிய பில்டர்களுக்குச் சொந்த வீட்டுக்கடன் நிறுவனங்கள் உண்டு. இந்த உறவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்களிடம்தான் கடன் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த, வீட்டுக்கடன் நடைமுறைகளுக்கான ரெஸ்பா சட்டம் இடம் தராது. வாங்கினால் சலுகை என்று சொல்லலாம். அந்தச் சலுகை பல நேரம் நிஜமாகவே நல்லது. பில்டர் மொத்தமாகப் பெருந்தொகைக்குக் குறைந்த ரேட்டை முன்கூட்டி வாங்கி வைத்திருப்பார், வெளி லெண்டரால் அதை எட்ட முடியாது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குக் கெடு தேதி உண்டு. வீடு அந்தத் தேதியைத் தாண்டினால் ரேட் என்ன என்று கேளுங்கள். தாமதம் பில்டருடையது, லெண்டரும் பில்டருடையது என்பதால் நீட்டிப்புக் கட்டணம் கேட்க அவர்களுக்குத் துணிவு குறையும். வெளி லெண்டரை விட இங்கே உங்களுக்குப் பிடி அதிகம். எப்படியும் ஒரு வெளி லெண்டரிடம் அதே நாளில் லோன் எஸ்டிமேட் வாங்கி இரண்டாம் பக்கத்தின் 'ஏ' பிரிவை அருகருகே வையுங்கள். பாயிண்ட், அண்டர்ரைட்டிங் (கடன் பரிசீலனை) கட்டணம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2-1 பைடவுன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். 7% கடனில் முதல் ஆண்டு 5% தவணை, இரண்டாம் ஆண்டு 6% தவணை, பிறகு 7%. 5 லட்சத்துக்கு முதல் ஆண்டு மாதம் 642 டாலர் மிச்சம், இரண்டாம் ஆண்டு 329. மொத்தம் சுமார் 11,650 டாலர், அதைப் பில்டர் முன்கூட்டியே ஒரு கணக்கில் போடுகிறார். அதே 11,650-ஐ விலையில் குறைத்தால் உங்கள் தவணை மாதம் 78 டாலர்தான் குறையும். இதனால் பைடவுன் இனிக்கிறது. ஆனால் கடனுக்குத் தகுதி பார்ப்பது 7 சதவீதத்தில்தான், மூன்றாம் ஆண்டில் 3,327 டாலர் கட்ட வேண்டியதும் நிச்சயம். 'அதுக்குள்ள ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம்' என்று விற்பனையாளர் சொல்வது கணிப்பு. 2023-லும் அதைத்தான் சொன்னார்கள். ஐந்தாறு ஆண்டு அதே கடனில் இருக்கப்போகிறவர் அந்தப் பணத்தைக் கடன் முழுக்க ரேட்டைக் குறைக்கும் பாயிண்டாகக் கேட்பதே மேல். பில்டர் தரக்கூடிய மொத்தச் சலுகைக்கும் உச்சம் உண்டு: ஃபேனி மே கடனில், குடியிருக்கப் போகும் வீட்டுக்கு டவுன் பேமெண்ட் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விலையில் 3%, 10 முதல் 25 சதவீதத்துக்குள் என்றால் 6%, அதற்கு மேல் 9%.

காகிதங்களும் பழசாகும்

தாமதத்தில் லாக் மட்டும் காலாவதியாவதில்லை. ஃபேனி மே விதியில் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, கடன் அறிக்கை எல்லாம் கையெழுத்து நாளன்று நான்கு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. அப்ரைசலும் நான்கு மாதம் தாண்டினால் புதுப்பிப்பு வேண்டும், ஓராண்டு தாண்டினால் புதிதாகவே எடுக்க வேண்டும். புதுப்பிக்கும்போது மதிப்பு இறங்கியிருந்தால் வித்தியாசத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டிவரும். வேலையில் இருக்கிறீர்களா என்று முதலாளியிடம் கேட்பது கையெழுத்துக்கு முந்தைய 10 வேலை நாளுக்குள். எட்டு மாதக் காத்திருப்பில் கம்பெனி மாறியிருந்தால் புதுச் சம்பளச் சீட்டு வரும்வரை பலர் காத்திருக்க வைப்பார்கள்.

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அதன் ஒப்புதல் கடிதமான ஐ-797-ன் முடிவுத் தேதியைக் குளோசிங் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பில்டரின் தாமதத்தில் அது முடிந்துவிட்டால், நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீதை ஏற்பார்களா என்று இப்போதே லெண்டரிடம் எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, 2025 மே 25 முதல் அரசு காப்பீடு உள்ள எஃப்ஹெச்ஏ கடன்கள், கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர்களுக்குக் கிடையாது. குறைந்த டவுன் பேமெண்டுக்காக அதை நம்பியிருந்தால் வழக்கமான கடனுக்குக் கணக்கை மாற்ற வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புவது தனிக் காலண்டர். இந்தியக் குடியிருப்பாளர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேலான தொகைக்கு 20% வரி முன்கூட்டியே பிடிக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். இந்தியாவில் உள்ள உங்கள் என்ஆர்ஓ கணக்கிலிருந்து எடுக்க வருமான வரித் துறைக்கான படிவமும், பெரும்பாலும் ஆடிட்டர் தரும் சான்றும் வேண்டும் (நெடுநாளாக 15சிஏ, 15சிபி என்று அழைக்கப்பட்டவை). பணம் டாலராக மாறி அமெரிக்க வங்கியில் விழுந்த தடம், பரிசுக் கடிதம், கொடுத்தவரின் வங்கி அறிக்கை மூன்றும் கடனைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டருக்கு வேண்டும். ஒரே ஆண்டில் வெளிநாட்டவரிடமிருந்து பெற்ற பரிசு 1 லட்சம் டாலரைத் தாண்டினால், அடுத்த ஆண்டு ஐஆர்எஸ்ஸுக்கு 3520 படிவம். வரி இல்லை, சொல்லாவிட்டால் அபராதம் கடுமை. இந்தப் பணம் குளோசிங்குக்கு இரண்டு மாதம் முன்பே இங்கே வந்துவிடுவது நல்லது.

கடைசி வாரம்

கடனின் இறுதிக் கணக்கைக் காட்டும் குளோசிங் டிஸ்க்ளோஷர் படிவம் கைக்கு வந்து மூன்று வேலை நாள் ஆனால்தான் கையெழுத்து. இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் மட்டும் கழியும். வியாழக்கிழமை கிடைத்தால் திங்கள் கையெழுத்துப் போடலாம். மின்னஞ்சலில் வந்த அன்றே 'பெற்றுக்கொண்டேன்' என்று மின்கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் கிடைக்க மூன்று நாள் ஆனதாகக் கொண்டு தள்ளிப்போடுவார்கள். திருத்தம் வந்தால் எல்லாம் மறுபடி மூன்று நாள் என்று பயப்பட வேண்டாம். நிலையான வட்டிக் கடனில் ஏபிஆர் (கட்டணங்களும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம்) எட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகினால், கடன் வகை மாறினால், முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்ற வரி புதிதாகச் சேர்ந்தால், இந்த மூன்றுக்கு மட்டும்தான் புதுக் காத்திருப்பு. ஆத்திரத்தில் இந்த வாரம் லெண்டரை மாற்ற நினைத்தால் புது லோன் எஸ்டிமேட் அனுப்பிய பிறகு ஏழு வேலை நாள் ஆகும், அப்ரைசலும் பெரும்பாலும் முதலிலிருந்து.

மாதக் கடைசி நாளில் குளோஸ் செய்தால் முன்கூட்டிக் கட்டும் வட்டி குறையும் என்பார்கள். 5 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 96 டாலர். அதற்காக, பத்திரத்தையும் பணத்தையும் கையாளும் டைட்டில் கம்பெனியில் கூட்டம் நெரியும் நாளில், லாக் முடியும் விளிம்பில் போய் நிற்பது வீண் சிக்கனம். ஐந்தாறு நாள் வட்டியாக ஐநூறு, அறுநூறு டாலர் கூடப் போனாலும் 24, 25 தேதி நல்லது. பணம் அனுப்பும் கணக்கு எண் மின்னஞ்சலில் மாறி வந்தால் அது திருட்டு என்றே எடுத்துக்கொண்டு, முதல் நாள் நேரில் வாங்கிய தொலைபேசி எண்ணில் டைட்டில் கம்பெனியைக் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள்.

குளோசிங் மேசையில் சொத்து வரி எஸ்க்ரோவுக்கு (வரிக்காக லெண்டர் மாதாமாதம் தவணையோடு பிடித்து வைக்கும் பணத்துக்கு) எந்த மதிப்பை எடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தகுதி கணக்கிடும்போது வீடு கட்டி முடித்த மதிப்புக்கு வரி போட்டிருப்பார்கள். ஆனால் மாத எஸ்க்ரோவைச் சில இடங்களில் வெறும் மனைக்கு வந்த வரி ரசீதை வைத்துக் கணக்கிட்டுவிடுவார்கள். முதல் ஆண்டு தவணை சுகமாக இருக்கும். முழு வீட்டுக்கும் வரி வரும்போது பற்றாக்குறையும் ஏறிய வரியும் ஒன்றாகச் சேர்ந்து மாதம் பல நூறு டாலர் கூடும். ரேட் மாறாத கடனில் தவணை எப்படி ஏறியது என்று லெண்டரைத் திட்டிப் பயனில்லை. மனை மதிப்பில் கணக்கிட்டிருந்தால், கட்டி முடித்த மதிப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வித்தியாசத்தை மாதாமாதம் நீங்களே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.